சிவில் முடித்தாயிற்று. முதல் வேலை ஊர்ப்பக்கம் வீடு கட்டும் பில்டரிடமா, சென்னை அபார்ட்மென்ட் சைட்டிலா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பி.இ. சிவில் முடித்தேன். ஊர் சேரன்மகாதேவி பக்கம். அப்பா விவசாயம், தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். இப்போது கையில் இரண்டு வேலை இருக்கிறது. எதை எடுப்பது என்றுதான் வீட்டில் தினமும் பேச்சு.

ஒன்று, திருநெல்வேலியில் தனி வீடுகள் கட்டிக்கொடுக்கும் பில்டர். நான்கு வீடு நடக்கிறது. சம்பளம் 12,000, வீட்டிலிருந்தே போய் வரலாம். இன்னொன்று, சென்னை ஓஎம்ஆரில் அபார்ட்மென்ட் வேலை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர். 18,000 தருகிறார்கள், தங்க அறை உண்டு, சாப்பாடு நம் செலவு.

இதற்கு நடுவில் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து விடாமல் போன் செய்கிறார்கள். 65,000 கட்டினால் மூன்று மாதத்தில் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்களை எல்லாம் கற்றுக்கொடுத்து டிசைன் வேலையும் வாங்கித் தருவார்களாம். அப்பாவுக்கோ நான் டிஎன்பிஎஸ்சி எழுதி ஏ.இ. (அரசு உதவிப் பொறியாளர்) ஆகவேண்டும் என்று ஆசை.

இத்தனைக்கும் நடுவில் என் பயம் வேறு. கல்லூரியில் சைட்டைக் கண்ணால் பார்த்ததே குறைவு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கையில் கொடுத்தால் இன்னும் தடுமாறுகிறேன். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.


மட்டப்பலகை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. கோவையில் சைட் மேனேஜராக இருக்கிறேன். வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சம்பளத்தையும் ஊரையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் செக் பண்ணிய வேலையை மறுபடி செக் பண்ண உங்களுக்கு மேலே யார் இருக்கிறார்? அவர் தினமும் சைட்டுக்கு வருகிறாரா? முதல் வேலையில் இதைத்தான் பார்க்கவேண்டும். நல்ல சீனியர் கீழே இரண்டு வருடம் இருந்தவனுக்கும், தனியாக விடப்பட்டு மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய இரண்டு வருடக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம்.

பொதுவாக நான் தனி வீட்டு வேலையைத்தான் சொல்வேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதிலிருந்து பால் காய்ச்சுவது வரை ஏறக்குறைய ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம். பெரிய அபார்ட்மென்ட்டில் உங்களை ஒரு டவரில் பிளாக் வேலைக்குப் போட்டால் அந்த டவர் முடியும் வரை பிளாக் வேலைதான். ஆனால் இது சைட்டுக்கு சைட் மாறும். இரண்டு இடத்துக்கும் நேரில் போய் அரை நாள் நின்று பாருங்கள். டிராயிங் சைட்டில் இருக்கிறதா, கம்பி கட்டுகிறவர் கையில் பிபிஎஸ் (எந்தக் கம்பி, எத்தனை, எவ்வளவு நீளம் என்ற பட்டியல்) இருக்கிறதா, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் கவர் பிளாக் போட்டிருக்கிறார்களா, காங்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க கியூப் போடுகிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

டிராயிங் பற்றிப் பயப்படாதீர்கள், அது பழக்கம். இன்று ராத்திரியே ஒரு பீமை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 230க்கு 450 மி.மீ. பீம், தூணுக்குத் தூண் உள்ளளவு 3.6 மீட்டர், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங் 150 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3600ஐ 150ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 25 ரிங். கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட், அதாவது கவர், 25 மி.மீ. நான்கு பக்கமும் கழித்தால் ரிங்கின் அளவு 180க்கு 400, சுற்றளவு 1160. இரண்டு கொக்கிக்கும் விட்டத்தின் பத்து மடங்கு வீதம் 160 கூட்டுங்கள். கம்பி வளையும் இடத்தில் நீளும் அல்லவா, அதற்கு 90 டிகிரி வளைவு மூன்றுக்கும் 2 மடங்கு விட்டம், 135 டிகிரி வளைவு இரண்டுக்கும் 3 மடங்கு விட்டம் என்று 96 கழியுங்கள். வெட்டு நீளம் 1224 மி.மீ. 25 ரிங்குக்கு 30.6 மீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வரும், 8 மி.மீ.க்கு 0.395. ஆக இந்த பீமின் ரிங்குக்கு மட்டும் சுமார் 12 கிலோ. ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் தள்ளியும் கொடுத்திருந்தால் மூன்று துண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

ஒரு வீட்டின் எல்லா பீமுக்கும் இப்படிப் போட்டு முடித்தவனுக்கு அப்புறம் எந்த டிராயிங்கும் பயம் இல்லை.


நிலைமம் எழுதியது:

ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸில் இருக்கிறேன். அந்த 65,000 விஷயம் மட்டும் பேசுகிறேன்.

கட்டவேண்டாம். மென்பொருள் கற்பது தவறே இல்லை, ஆனால் அந்த விலைக்கு, வேலை வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பிக் கட்டுவது வேண்டாம். எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, 3 மீட்டர் ஸ்பான் (தாங்கிக்குத் தாங்கி தூரம்), ஒரு வழி ஸ்லாப் (இரண்டு எதிர்ப் பக்கம் மட்டும் தாங்கும் தளம்), 125 மி.மீ. தடிமன், வீட்டுக்கு, மொமென்ட் (சுமையால் வளைக்கும் விளைவு) எவ்வளவு என்று கேட்போம். சொந்த எடை, தடிமன் 0.125 பெருக்கல் காங்கிரீட்டின் எடை 25, அதாவது 3.125. தரை ஃபினிஷுக்கு 1. சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி குடியிருப்பு அறைக்கு லைவ் லோடு (ஆட்கள், சாமான் எடை) 2. மொத்தம் சதுர மீட்டருக்கு 6.125 கிலோ நியூட்டன். பாதுகாப்புக்காக 1.5ஆல் பெருக்கினால் 9.19. அதை ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 10.3 கிலோ நியூட்டன் மீட்டர். இவ்வளவுதான். ஈடாப்ஸில் ஐந்து மாடி மாடல் போட்டுக் காட்டுகிற பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். மாடல் தப்பான எண்ணைக் கொடுத்தால் அது தப்பு என்று தெரிய, கையால் போட்ட கணக்கு ஒன்று மனதில் இருக்கவேண்டும்.

டிசைனுக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றாலும் முதலில் ஒரு வருடமாவது சைட்டில் இருங்கள். 230 அகல பீமில் 25 கவர், 8 மி.மீ. ரிங் போக உள்ளே மிஞ்சுவது 164 மி.மீ. அதில் 20 மி.மீ. கம்பி நான்கு வைத்தால் நடுவில் 28 மி.மீ. கிடைக்கும். ஐந்தாவதை அதே வரிசையில் வைத்தால் இடைவெளி 16 ஆகிவிடும். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்பது கம்பியின் விட்டம், அல்லது ஜல்லி அளவோடு 5 மி.மீ., இரண்டில் எது அதிகமோ அது. 20 மி.மீ. ஜல்லிக்கு 25 வேண்டும். 16 மி.மீ. சந்துக்குள் ஜல்லி இறங்காது, அடியில் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடுதான். சைட்டில் நின்று வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகாமல் திண்டாடுவதைப் பார்த்தவன் ஐந்தாவது கம்பியை இரண்டாவது வரிசையில் வரைவான்.

எம்.இ. படிக்க ஆசை இருந்தால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதை வைத்துச் சில பொதுத்துறை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன.


வெயிலான் எழுதியது:

நான் சவூதியில், தம்மாம் பக்கம். இதே கேள்வியோடு இருக்கும் நிறையத் தம்பிகள் எனக்கு மெசேஜ் போடுவதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முடித்த கையோடு வளைகுடா வருவதை மறந்துவிடுங்கள். இங்கே இன்ஜினியர் வேலை பார்க்க சவூதி இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும், டிகிரியும் அனுபவமும் சரிபார்க்கப்படும். அதனால் இப்போது சேரும் வேலையிலேயே காகிதங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டர் வாங்குங்கள். சம்பளம் பேங்க் வழியாக வரட்டும். பி.எஃப். பிடித்தால் நல்லது, அது நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அசையாத சாட்சி. வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் எந்த ப்ராஜெக்ட், எத்தனை மாடி, உங்கள் பொறுப்பு என்ன என்று எழுதி வாங்குங்கள். போலி அனுபவச் சான்றிதழ் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வந்து இறங்கிய பிறகு மாட்டிக்கொண்டு திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏஜென்ட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே நல்ல மரியாதை இருப்பது குவான்டிட்டி சர்வே என்ற அளவு, செலவுக் கணக்குக்கும் பிளானிங்குக்கும். அதற்கு அடித்தளம் நீங்கள் ஊரில் போடும் அளவுக் கணக்குதான், மட்டப்பலகை அண்ணன் சொன்னதே.


முன்னாள்_இஇ எழுதியது:

பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். அப்பாவின் ஆசை நியாயமானது தம்பி. அதை ஒதுக்காதீர்கள், ஆனால் வெறுமனே வீட்டில் உட்கார்ந்து அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணிகள் தேர்வில் பாடத்தாள் டிகிரி தரத்தில் இருக்கும். அதைத் தவிரத் தமிழ்த் தகுதித் தேர்வும் பொது அறிவும் உண்டு. தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றவை கணக்கில் வராது. பொறியியல் படித்த பிள்ளைகள் பலர் தமிழ்தானே என்று அசட்டையாக இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

அரசு வேலையானாலும் தனியார் வேலையானாலும் அளவெடுத்தலைக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் எம் புக் என்ற அளவுப் புத்தகம் சாதாரண நோட்டு அல்ல. அதில் எழுதும் ஒவ்வொரு எண்ணும் பணமாக மாறுகிறது. எழுதியவர் கையெழுத்துப் போடுகிறார், பின்னால் தணிக்கை வந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். கட்டட வேலையை அளக்கும் விதிகளான ஐஎஸ் 1200 தொகுதியை வாங்கிப் படியுங்கள். பூச்சு வேலையில் ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்று பல சைட்டில் இன்றும் சண்டை நடக்கிறது. அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்கவேண்டும், கழிக்காத மறுபக்கம், தனியாக அளக்காத ஓரப் பூச்சுக்கு ஈடாகிவிடும். அதற்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாகச் சேர்க்கவேண்டும். இதைத் தெரிந்த இளம் பொறியாளர் பேசினால் வயதான கான்ட்ராக்டரும் உட்கார்ந்து கேட்பார்.

அப்புறம் ஒன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலித் தொழிலாளிகள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். செய்தியில் வந்த அந்தக் குடும்பங்களின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சில சிறிய நிறுவனங்கள் புதிதாக வரும் பையனின் பெயரைப் போட்டு ஆய்வு அறிக்கை தயார் செய்யும், டிகிரிச் சான்றிதழின் ஒரிஜினலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் முடியாது என்று சொல்லுங்கள். நகல் கொடுத்தால் போதும்.


கருங்கல்ஜல்லி எழுதியது:

முன்னாள்_இஇ ஐயாவிடம் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நான் இப்போது நெடுஞ்சாலைத் துறையில் ஏ.இ. சைட் வேலையோடு சேர்த்துத் தேர்வுக்குப் படிப்பது சொல்வதற்குத்தான் எளிது. காங்கிரீட் போடும் நாளில் ராத்திரி பத்து மணிக்கு அறைக்கு வருகிறவன் சாயில் மெக்கானிக்ஸ் படிப்பானா? நான் வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படித்துத்தான் தேறினேன். என் கூட வேலையோடு படித்தவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் வருமானம் தேவை என்றால் இந்த வழி எல்லோருக்கும் சரிவராது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பொருநைக்கரை, வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் படிக்கும் அளவுக்கு நிலைமை இருக்கிறதா என்று அப்பாவிடமே மனம்விட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருட அப்ரன்டிஸ் கிடைக்கிறதா பாருங்கள். அரசுத் துறைகளிலும் எடுப்பார்கள். உதவித்தொகை குறைவுதான், ஆனால் படிக்க நேரம் கிடைக்கும்.


முன்னாள்_இஇ எழுதியது:

நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் காலத்தில் போட்டி இவ்வளவு இல்லை. ஆனாலும் கால எல்லை ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். எல்லை இல்லாமல் படித்துக்கொண்டே போய், முப்பது வயதில் சைட்டுக்கு வந்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்குகிறவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.


இளவேனில் எழுதியது:

நான் சிவில் கடைசி வருடம். கேம்பஸுக்கு வந்த இரண்டு நிறுவனமும் பெண்களை எஸ்டிமேஷனுக்கு மட்டும்தான் எடுப்போம், சைட்டுக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு சைட்தான் வேண்டும். இந்த இழையில் சைட்டில் இருக்கும் அக்கா யாராவது இருக்கிறீர்களா?


வைகை_க்யூசி எழுதியது:

இருக்கிறேன் இளவேனில். மதுரையில் தொடங்கினேன், இப்போது சென்னையில் ஒரு பெரிய சைட்டில் குவாலிட்டி கன்ட்ரோல்.

சேரும் முன்பே கூச்சப்படாமல் கேட்கவேண்டியது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா. இதை இன்டர்வியூவில் கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்று நினைக்காதீர்கள். கழிப்பறை இல்லாத சைட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் இதைக் கேட்கும் நிலையே இருக்கக்கூடாது. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தக் கட்டடம் எழுந்திருக்கிறது? அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ராத்திரி காங்கிரீட் நடந்தால் வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சைட்டுக்குள் நுழைய க்யூசி நல்ல வாசல். எஸ்டிமேஷனுக்கு எடுத்தால்கூட அளவு சரிபார்க்க என்று சொல்லிச் சைட்டுக்குப் போகப் பழகுங்கள். க்யூசி என்றால் லேபில் உட்காரும் வேலை என்று நினைக்கிறார்கள். இல்லை. ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் சலானில் கிரேடும், பேட்ச் போட்ட நேரமும் பார்க்கவேண்டும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்கவேண்டும் என்பது கணக்கு. ஓஎம்ஆர் நெரிசலில் லாரி மாட்டிக்கொண்டால் காங்கிரீட் இறுகி வரும், பம்ப் ஆள் உடனே டிரம்மில் தண்ணீர் விடச் சொல்வார். அங்கேதான் நீங்கள் நிற்கவேண்டும். தண்ணீர் விட்டால் ஸ்லம்ப் (காங்கிரீட்டின் இளக்கம்) கூடும், பம்ப் ஓடும், ஆனால் பலம் போய்விடும். பிளான்ட்டுக்குப் போன் செய்து காங்கிரீட்டை இளக்கும் ரசாயனமான அட்மிக்சர் போட அவர்கள் ஆளை வரவழையுங்கள், இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். முதல் தடவை லாரியைத் திருப்பும்போது எல்லோரும் முறைப்பார்கள். பரவாயில்லை.

கியூபும் அப்படித்தான். ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப், 150 மி.மீ. அளவு. 30 கன மீட்டர் காங்கிரீட் என்றால் குறைந்தது மூன்று சாம்பிள். நல்ல லாரியாகப் பார்த்து எல்லாக் கியூபையும் அதிலேயே போடுவது தப்பு. மூன்று கியூபில் ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த சாம்பிளே செல்லாது. இந்த விதியெல்லாம் ஐஎஸ் 456இலேயே இருக்கிறது. புத்தகத்தைக் கையோடு வைத்துக்கொண்டால் குரல் உயர்த்தவேண்டிய அவசியமே வராது.

இன்னொன்று, சென்னை சைட்டில் கம்பி, சென்ட்ரிங் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள். கொஞ்சம் இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள், வேலை வேறு மாதிரி நடக்கும்.


இளவேனில் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. கழிப்பறை விஷயத்தைக் கேட்கலாமா என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மட்டப்பலகை அண்ணா, பீம் கணக்கைப் போட்டேன், 12 கிலோ வந்தது. எங்கள் ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் டிராயிங் வாங்கி மற்ற பீம்களுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். மேஸ்திரி முப்பது வருட அனுபவம் உள்ளவர். நான் நேற்று வந்தவன். அவர் செய்வது தப்பு என்று தெரிந்தால் எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவாக நினைக்கமாட்டாரா?


மட்டப்பலகை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இது தெரியாமல் வேலையை விட்டு ஓடியவர்கள் உண்டு.

முதலில், மேஸ்திரிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொண்டு பழகுங்கள். தூக்குக்குண்டு பிடிப்பது, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் எடுப்பது, மூலை மட்டம் பார்ப்பது எல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அண்ணே என்றோ, உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்றால் அண்ணாச்சி என்றோ கூப்பிடுங்கள். கற்றுக்கொள்ள வந்தவன் என்று தெரிந்தால் சொல்லித்தராத மேஸ்திரியை நான் பார்த்ததில்லை.

அடுத்தது நேரம். காங்கிரீட் மிக்ஸர் ஓட ஆரம்பித்த பிறகு போய்க் கம்பி தப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கூலி, பம்ப், லாரி எல்லாம் காத்திருக்கும். அதனால் கம்பி கட்டத் தொடங்கும் காலையிலேயே டிராயிங்கோடு போய் நில்லுங்கள். முதல் பீம் கட்டும்போதே சொன்னால் அது பேச்சு, கடைசி பீமில் சொன்னால் அது சண்டை.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடங்கள் சில இருக்கின்றன. அதில் முதலாவது கான்டிலீவர், அதாவது ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீட்டி நிற்கும் பகுதி. பால்கனி, சன்ஷேடு, இதற்கெல்லாம் முக்கியக் கம்பி மேலேதான் இருக்கவேண்டும். ஏனென்றால் அது தொங்கும்போது மேல்பக்கம்தான் இழுபடும். சரியாகக் கட்டியிருப்பார்கள், ஆனால் காங்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து நடந்து கம்பி கீழே அமுங்கிவிடும். கடைசியில் பார்த்தால் மேல் கம்பி அடியில் கிடக்கும், அந்த பால்கனிக்குக் கம்பி போட்டும் போடாத கதைதான். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி நெருக்கமாக வையுங்கள், நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள், காங்கிரீட் போடும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

அடுத்தது முட்டு பிரிப்பது. சென்ட்ரிங் ஆளுக்கு அடுத்த வீட்டுக்குச் சாமான் வேண்டும், அவசரப்படுவார். 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமில் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இதுவும் ஐஎஸ் 456இல் உள்ளதுதான். அதுவே சாதாரண சிமெண்டுக்கு, நன்றாகத் தண்ணீர் காட்டியிருந்தால். சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கான்டிலீவரில் முட்டை வெளி முனையிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாகப் பிரிக்கவேண்டும், இதை மேஸ்திரி நல்லவராக இருந்தால் அவரே சொல்வார்.

இந்த மாதிரி இடங்களில் மேஸ்திரி கேட்கவில்லை என்றால் சத்தம் போடாதீர்கள். உடனே சீனியருக்குப் போன் செய்யுங்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள், சைட் டைரியில் எழுதுங்கள். இப்போது புரிகிறதா, மேலே ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் ஏன் கேட்கச் சொன்னேன் என்று?


பொருநைக்கரை எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திருநெல்வேலி பில்டர் அன்பானவர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் சைட்டில் டிராயிங் இல்லை. கம்பி எவ்வளவு என்று கேட்டதற்கு, எப்போதும் போடுவதுதான் என்று மேஸ்திரி சொன்னார். பில்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துக்கு ஒரு முறை வருவாராம். என்னுடைய வேலை பெரும்பாலும் சாமான் இறக்குவதைப் பார்ப்பதும், வீட்டுக்காரருக்குப் போட்டோ அனுப்புவதும், சனிக்கிழமை கூலிக் கணக்குப் போடுவதும். கியூப் பற்றிக் கேட்டேன், வீட்டு வேலைக்கு அதெல்லாம் எதற்கு என்றார்.

சென்னையில் சைட் இன்ஜினியர் ஒருவர் சுற்றிக்காட்டினார். காங்கிரீட்டுக்கு முன்னால் போர் கார்டு (pour card) என்ற அனுமதிச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள், கம்பி, சென்ட்ரிங், எலக்ட்ரிகல், குவாலிட்டி என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காங்கிரீட். எந்த வேலை தருவீர்கள் என்று கேட்டேன். முதலில் ஸ்லாப் சைக்கிள் (மாடி மாடியாகத் தளம் போடுவது), அப்புறம் பிளாக் வேலையும் பூச்சும், அப்புறம் பில்லிங் என்று சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம் என்றார்கள். போன வருடம் சேர்ந்த பையனிடம் தனியாகக் கேட்டேன். உண்மையிலேயே மாற்றினார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை இருக்கும் என்றான். பி.எஃப். உண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கவில்லை.

அப்பாவிடமும் பேசினேன். இப்போதைக்குத் தங்கை படிப்புக்குப் பணம் வேண்டியிருக்கிறது. இரண்டு வருடம் சென்னையில் வேலை, அதற்குள் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டு, தேவைப்பட்டால் ஒரு வருடம் முழு நேரமாகத் தேர்வுக்குப் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பயிற்சி நிலையத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த திங்கள் சேருகிறேன்.


கருங்கல்ஜல்லி எழுதியது:

நல்ல முடிவு. தமிழ்ப் புத்தகத்தை மட்டும் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள், ரயிலில் வரும்போதும் போகும்போதும் படிக்கலாம்.


மட்டப்பலகை எழுதியது:

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நானும் சென்னையைத்தான் சொல்வேன் தம்பி. டிராயிங் இல்லாத சைட்டில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. 

போகும்போது நல்ல 5 மீட்டர் டேப், பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, சேஃப்டி ஷூ எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ அவர்களே தருவதாகச் சொன்னாலும் முதல் வாரம் கைக்கு வராது, உங்களுடையதைப் போட்டுக்கொண்டே போங்கள். ஐஎஸ் 456உம் 1200உம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், போனில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் வாரம் அந்த ஸ்லாபின் கம்பி டிராயிங்கை வாங்கி, நீங்களாக பிபிஎஸ் போட்டு, அவர்கள் போட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஒத்துவரவில்லை என்றால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.